முக்கால் சாண் குறைஞ்ச கதவு

9, சனி

விடியலிலிருந்து மழை. மோரிஸ் மைனர் காருக்கு இடது கதவு போச்சு. தூறல் விட்டதும் கதவைத் திறந்து வச்சு உள்ளே துடைச்சிக்கிட்டிருந்தேன். சந்துக்குள்ள ரிவர்ஸ் வந்த லோரி பிடுங்கிட்டுப் போயிருச்சு. டிரைவர் இறங்கி, "சாரி அங்கிள், சாரி." அழற மாதிரி நின்னான். திட்டக்கூட வாய் வரல. திறந்து வச்சது நான்தானே.

கதவு அப்பளமா நெளிஞ்சு கிடக்கு.

வீட்டுக்காரி பாக்கியம் ஜன்னல்ல நின்னு பார்த்தா. திட்டுவான்னு நெனச்சேன், திட்டல. "அப்ப அக்காவ எப்படிங்க போயி பாக்கறது?"

பசார்ல மீன் வாங்கப் போயி வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு இடது முட்டி மடங்காது. உள்ள இரும்பு. இந்த மைனர் ரெண்டு கதவு வண்டி. கதவு நீளம், வாய் அகலம். முதுகைக் காட்டி சீட்டுல உக்காருவா, நீட்டின காலோட அப்படியே முன்னால திரும்பிருவா. அதுக்காகத்தான் இந்தக் கிழட்டு வண்டிய இன்னும் வச்சிருக்கேன். ஆளுங்க என்னமோ நான் வண்டிப் பைத்தியம்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க.

10, ஞாயிறு

வெயில் மண்டையப் பிளக்குது. கிராப் டாக்சி கூப்பிட்டோம். பாக்கியம் பாதி உக்காந்தா, கால் உள்ள போகல, வலியில கத்திட்டா. டிரைவர் சீன ஆள், பாவம் பயந்துட்டான். "ஆண்டி, ஸ்லோலி லா." காசு கொடுத்து அனுப்பிட்டேன்.

ஆம்புலன்ஸ் மாதிரி வேன் இருக்காம், படுத்துக்கிட்டே போகலாமாம். சொன்னதும் எரிஞ்சு விழுந்தா. "பொணமாட்டம் படுத்துக்கிட்டா எங்கக்கா வீட்டுக்குப் போறது? பாத்தா அவளுக்கு அங்கயே உசுரு போயிரும்."

சரிதான். அக்கா பாலத்துக்கு அந்தப் பக்கம், சுங்கை பாக்காப்ல படுத்த படுக்கை. கண்ணும் மங்கல், போன்ல முகம் தெரியல. தொட்டுப் பார்த்தாத்தான் ஆள் தெரியுது.

வாங்க வேண்டியது: ஜாதிக்காய் ஊறுகாய் (அக்காவுக்கு), கால் வலித் தைலம், கதவு.

12, செவ்வாய்

பாலிக் புலாவ். டுரியான் பழத் தோட்டத்துல ஒரு மைனர் கிடக்குதாம், பட்டறைக்காரன் ஆ ஹோக் கூட்டிட்டுப் போனான். தோட்டத்துக்கார மலாய்ப் பெரியவர், பாக்சிக்னு கூப்பிடுவோம், அதுல கோழி வளர்க்கிறாரு. நாங்க கதவைத் திறந்ததும் பின் சீட்டுல அடை உக்காந்திருந்த கோழி ஒரு பார்வை பார்த்துச்சு பாருங்க! அதைக் கிளப்பி விடத்தான் நேரம் ஆச்சு.

கதவு நல்ல கதவு. துருவே இல்ல. ஆனா அது நாலு கதவு மைனர். முன் கதவு நம்மளோடதைவிட முக்கால் சாண் குட்டை. அளவு பார்த்தா கீல் சரியாப் பொருந்தும், பூட்டுப் பக்கம்தான் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும்.

ரெண்டு கதவு வண்டிக் கதவு எங்கயும் இல்ல. ஈப்போ வரைக்கும் போன் போட்டாச்சு.

குட்டைக் கதவோடயே திரும்பினோம். ரெண்டு முட்டையும் கொடுத்தாரு பாக்சிக்.

13, புதன்

கதவை நீட்ட முடியாதாம். கண்ணாடியும் குட்டை, அதை எங்க போயி நீட்டறது? ஆ ஹோக் வேற வழி சொன்னான். கதவுக்குப் பின்னால இருக்கற தூணை வெட்டி முன்னுக்குக் கொண்டு வரணும். பின்னால விழற இடத்துக்குத் தகடு வச்சு அடைக்கணும். "போலே லா அண்ணே, முடியும். கதவு கச்சிதமா உக்காரும்."

நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. வெட்டுன்னுட்டேன்.

ராகு காலம் முடியற வரைக்கும் இரும்புல கை வைக்க நான் விடல. ஆ ஹோக் பட்டறை வாசல்ல உக்காந்து கோப்பி குடிச்சிக்கிட்டே, "அண்ணே, உங்க கெட்ட நேரம் போயிருச்சா?" போனதும் வெட்டினான். பொறி பறந்துச்சு. நெளிஞ்ச கதவைப் பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்.

சாயங்காலம் அக்கா மகன் போன். "சித்தி, அம்மா உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. எப்ப வர்றீங்க?" பாக்கியம் என்னைப் பார்த்தா. ஞாயித்துக்கிழமைன்னு சொல்லச் சொன்னேன்.

15, வெள்ளி

வேலை முடிஞ்சிது. கதவு நீலம், வண்டி பச்சை. பெயிண்ட் அடிக்க நேரம் இல்ல. மூடினா 'டப்'புனு ஒரே சத்தம். பத்து தடவை மூடி மூடிப் பார்த்தேன். சந்தோஷமா இருந்துச்சு, பொய் சொல்லல.

பாக்கியம் புடவை எடுத்து வச்சிட்டா. அக்கா வாங்கிக் கொடுத்த ஊதாப் புடவை. அக்காவுக்குப் புடவைக் கரையத் தடவிப் பார்க்கற பழக்கம்.

17, ஞாயிறு

மழை இல்ல. காலை 9 மணி. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், கற்பூரம். எல்லாம் முறையாத்தான் செஞ்சேன்.

பாக்கியம் முதுகைக் காட்டி உக்காந்தா. திரும்பினா. கால் வரல.

சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால தள்ளினேன். தோள் போயி தூண்ல இடிச்சுது. முன்னால நகர்ந்தா பாதம் கீல் பக்கம் தட்டுது. நான் முன்னுக்கு இழுத்துட்டு வந்த அதே தூண். வாய் குறுகிப் போச்சு. கதவுக்கு அளவெடுத்தேன், கண்ணாடிக்கு எடுத்தேன், தூணுக்கு எடுத்தேன். நல்ல நேரம்கூடப் பார்த்தேன். அவளை ஒரு தடவை வந்து உக்காந்து பாருன்னு கூப்பிடத் தோணல. அறிவு கெட்டவன்.

மூணாவது தடவை அவளே, "போதுங்க."

ஆ ஹோக்குக்குப் போன். தூணைப் பழையபடி வைக்க முடியுமா? "வைக்கலாம் அண்ணே. அப்புறம் நீளக் கதவுக்கு எங்க போறது?" கதவில்லாமலே போனா? பாலத்துல போலீஸ் விடுவானா? போனை வச்சிட்டேன்.

அவளைக் கைத்தாங்கலா வீட்டுக்குள்ள கொண்டு போயி உக்கார வச்சேன். ஊறுகாய் பாட்டில் மடியிலயே இருந்துச்சு. என் முகத்தைப் பார்க்கல. நல்லவேளை.

வெளிய வந்து கதவைத் திறந்தேன். மூடினேன். அதே 'டப்' சத்தம்.

உள்ள போன் அடிச்சிது. அக்கா மகன் போட்டு அக்கா காதுல வச்சிருக்கான் போல. பாக்கியம் பேசறது வாசலுக்குக் கேட்டுச்சு.

"இல்லக்கா. கதவு இன்னும் வரல. அவரும் பாவம் ஊரெல்லாம் அலையறாரு. வந்ததும் வந்துர்றேன்."

அக்கா காதுல சரியா விழல போல. மறுபடியும் சொன்னா, சத்தமா.

"கதவு இன்னும் வரலக்கா."