நீல அட்டையும் மஞ்சள் அட்டையும்

மார்ச் 3, திங்கள்

எங்கள் மருந்துக் கம்பெனி பேக்கிங் லைனில் காலையில் நீல அட்டை, சாப்பாட்டுக்குப் பிறகு மஞ்சள். பதினோரு வருஷமாக இதே கூத்துதான். சர்க்கரை மாத்திரை ஒரே டிரம்மிலிருந்துதான் மெஷினில் கொட்டுகிறது. சாப்பாட்டு வேளையில் பெயர் அச்சடித்த ஃபாயில் ரோலை மாற்றி, மிச்சமிருக்கும் நீல அட்டைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்துவிட்டால், அதற்குப் பிறகு வருவதற்கு வேறு பெயர். விலை மூன்றில் ஒரு பங்கு.

இனி வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அக்காவின் சர்க்கரைக்கு நீலம் வாங்கிக் கட்டுப்படியாகாது. மஞ்சளே வாங்கிக்கொள்ளலாம், இரண்டும் ஒரே மாத்திரைதான் என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்குடி ரெண்டு விலை?"

"அத எங்க முதலாளியப் போய்க் கேளு."

"சிக்கனம் பண்ண என் உசுருதான் கெடச்சுதா உனக்கு?"

சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அம்மா போனதிலிருந்து என்னை வளர்த்தவள். சுருக்கென்றது. பதிலுக்கு நானும் ஏதோ கத்தினேன்.

மார்ச் 5

இன்றும் அதே பஞ்சாயத்து. மஞ்சள் ஏழைகளை ஏமாற்றச் செய்த மருந்தாம். அதைச் செய்கிறவளிடமே சொல்கிறாள்!

மார்ச் 7, வெள்ளி

பொய் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் அவளுடைய டாக்டரைப் பார்த்தேன், புது மருந்து எழுதிக் கொடுத்தார் என்று மஞ்சள் அட்டையை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது.

"காலைல சாப்பாட்டுக்கு முன்னாடியா?"

"ஆமா. ஒண்ணு."

மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். நான் தொண்டை கிழியச் சொன்னால் எடுபடாது, டாக்டர் பெயரைச் சொன்னால் வேதவாக்கு. முன்பே இதைச் செய்திருந்தால் நான்கு நாள் சண்டை மிச்சமாகியிருக்கும்.

மார்ச் 15, சனி

அக்காவுக்கு வேர்த்து ஊற்றுகிறது. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறாள், கை நடுங்குகிறதாம். வேளை கெட்ட வேளையில் பசிக்கிறது என்கிறாள். மாத்திரை போடாமல் ஏமாற்றுகிறாளோ? அட்டையை எடுத்துப் பார்த்தேன், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

"ஒரு நாள்கூட விடக் கூடாது, தெரியுதா?" என்று அதட்டினேன்.

"எங்கடி விடறேன், எல்லாத்தையும் போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

மார்ச் 19, புதன்

கை ஓட மாட்டேன் என்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சாப்பாட்டு மணி அடித்து, லாக்கரிலிருந்து போனை எடுத்தால், மாடி வீட்டு டீச்சர் ஒன்பது தடவை கூப்பிட்டிருக்கிறார். ரிட்டயர் ஆனவர், பகலில் அக்காவுக்கு அவர்தான் துணை. அக்கா குளியலறை வாசலில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தாளாம். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சர்க்கரை இருபத்தெட்டுக்கு இறங்கிவிட்டது என்றார்கள்.

"என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்றார் டாக்டரம்மா. மஞ்சள் அட்டையின் பெயரைச் சொன்னேன்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

டீச்சர் என் முழங்கையைத் தொட்டார். தன் கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். நீல அட்டை, பாதி காலி. அக்காவின் தையல் கூலியில் இவர்தான் வாங்கித் தந்திருக்கிறார்.

"டாக்டர் புதுசா ஒண்ணு சேத்துக் குடுத்திருக்காரு, பழச நிறுத்தச் சொல்லலன்னாங்கம்மா. உங்ககிட்டக் கேட்டா செலவுன்னு சங்கடப்படுவீங்களாம்."

டாக்டரம்மா இரண்டு அட்டையையும் திருப்பிப் பொடி எழுத்தைக் காட்டினார். "ரெண்டும் ஒரே மருந்தும்மா. தினமும் டபுளா உள்ள போயிருக்கு. படிச்சுப் பாக்க மாட்டீங்களா?"

படிச்சுப் பாக்கணுமா? அந்த எழுத்து சரியா விழாம தேஞ்சு வந்தா மெஷின நிறுத்தறவளே நான்தானே.

மார்ச் 20

குளுக்கோஸ் ஏற்றினால் சர்க்கரை ஏறுகிறது, ஒரு மணி நேரத்தில் மறுபடி இறங்குகிறது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

பழச நிறுத்திடுக்கான்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. புளுகினதுதான் புளுகினேன், அத முழுசாப் புளுகித் தொலைச்சிருக்கக் கூடாதா? எல்லாத்தையும் போடறேன்னு வாய்விட்டுச் சொன்னாளே — என் காதுல என்ன அடைச்சிருந்துச்சு? நடுங்கற கைக்கு இன்னும் போடு போடுன்னு அதட்டினேனே.

மார்ச் 21

இன்னும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

கண் விழித்துவிட்டாள். பேச்சு கொஞ்சம் குழறுகிறது. வலது கை விரல்கள் மடங்கவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். பொத்தான் தைக்கிற கை.

உயிர் திரும்பியதே போதும் என்று கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு நான் போகவே இல்லை என்பதையும்.

மடங்காத விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். பிறகு, "டாக்டரு சொன்னாருன்னியேடி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஏப்ரல் 2

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இது எங்கள் லைனில் ஓடுவதில்லை.

ஏப்ரல் 9, புதன்

அக்காவுக்கு என்மேல் கோபமே இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறாள், தலை சீவிவிடச் சொல்கிறாள், என் இட்லிப்பானை முகத்தை — அவள் வைத்த பெயர் — கிண்டல்கூடச் செய்கிறாள். மாத்திரையை எடுத்து நீட்டினால் மட்டும், "அங்க வை" என்கிறாள். எட்டு மணிக்கு டீச்சர் இறங்கி வந்து, அட்டையின் பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்து, ஒன்றைப் பிரித்துத் தருவார். அதற்குப் பிறகுதான் விழுங்குவாள்.

இன்று டீச்சர் பென்ஷன் ஆபீசுக்குப் போய்விட்டார்.

"நான் தரேன்க்கா."

"இருக்கட்டும். அவங்க வரட்டும்."

"சாப்பிடாம எவ்வளவு நேரம் இருப்ப? வேணும்னா நானே படிச்சுக் காட்டறேன்."

"உனக்கு எதுக்குடி சிரமம்" என்று சாந்தமாகச் சொன்னாள்.

எனக்கு இன்று வேலை இல்லை. எதிரில் உட்கார்ந்தேன். நடுவில் மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இருவரும் வாசலைப் பார்த்தோம். டீச்சர் வந்தபோது மணி பன்னிரண்டே கால்.