மூன்றாவது கட்டம் வெறுமையாகக் கிடந்தது

இன்று காலை மிஸ் அந்தப் படிவத்தை மறுபடியும் வகுப்புக்குக் கொண்டுவந்தார். ரோணியோவில் அச்சடித்த மை இன்னும் காயவில்லை. தாள் என் மேசைக்கு வருமுன்னே அதன் மணம் வந்துவிட்டது. இடது பக்கத்தில் வேலைகளின் பெயர்கள். அதற்குப் பிறகு மூன்று கட்டங்கள்: தானாகச் செய்கிறார், இயலாது, கொடுத்த உதவி. விசேட வகுப்பிலிருந்து இந்த வருடம் வேலை பழகப் போகும் பிள்ளைகளுக்கு எங்களில் யார் யார் துணை என்று தெரிவுசெய்துவிட்டு, மிஸ் மூன்றாவது கட்டத்தை விளக்கினார்.

"கண்ணாடி போட்டு வாசிக்கிற பிள்ளையை வாசிக்க ஏலாத பிள்ளை எண்டு சொல்லுவமோ? உதவியோட செய்தாலும் செய்தது செய்ததுதான். அந்த உதவியை இதிலை எழுதுங்கோ."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வகுப்பில் கண்ணாடி போட்டவள் நான் ஒருத்திதான். நானும் சிரித்தேன்.

போன வருடம் உனக்குத் துணையாகப் போனவள் நான். அப்போதும் மிஸ் இதைச் சொன்னாரா, சொல்லியும் எனக்கு விளங்கவில்லையா, தெரியாது. "கண்டதைக் கண்டபடி எழுதும். உம்மடை எழுத்து வடிவு, அதுதான் உம்மைத் தெரிவுசெய்தனான்" என்றது மட்டும் நினைவிருக்கிறது. ஏனென்றால் அது புகழ்ச்சி.

உனக்கு ஏழுக்குப் பிறகு இலக்கங்கள் குழம்பிவிடும். சின்ன வயதிலிருந்தே வலிப்பும் இருந்தது. அதனால் ஊர்காவற்றுறையில் அந்தப் பேக்கரியில் உன்னை நெருப்பெரியும் போறணைக்குக் கிட்டவிடாமல், பணிஸ் பொதி செய்யும் மேசையில் விட்டார்கள். ஒரு பைக்குப் பன்னிரண்டு. மூன்று கிழமைப் பயிற்சி. உதவியோடாவது செய்தால் வேலைக்கு வைத்துக்கொள்வேன் என்று முதலாளி மிஸ்ஸிடம் ஒத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் நீ ஏழில் நின்றாய். கொட்டி எண்ணி, திரும்பவும் ஏழில் நின்றாய். இரண்டாம் நாள் நான் எதிரே நின்று, நீ வைக்கும் ஒவ்வொரு பணிசுக்கும் மேசையில் ஒரு விரலால் தட்டினேன். பன்னிரண்டாவதுக்கு உள்ளங்கையால் அடித்தேன். நீ பையை மூடினாய். அதற்குப் பிறகு உன் பை ஒன்றிலும் பிழை வரவில்லை.

எங்களோடு பொதி செய்த றீற்றா அக்காவுக்கு அது பெரிய பகிடி.

"எடி ஏலாவாளி, அவள் தட்டாட்டி உன்ரை மெசின் ஓடாதோ?"

நீ நிமிரவில்லை. "உங்களுக்குத் தட்ட ஆளில்லை அக்கா. அதுதான் உங்கடை பையிலை ஒண்டு குறையுது."

றீற்றா அக்கா கொட்டி எண்ணினார். பதினொன்று. பையைத் தூக்கிப் பார்க்காமல், அதன் வாய் மடிந்து கிடந்ததைப் பார்த்தே நீ கண்டுபிடித்துவிட்டாய். அதையும் நான் எழுதவில்லை. படிவத்தில் அதற்கு ஒரு வரி இருக்கவில்லை.

பின்னேரம் எங்கள் ஊர் சரவணைக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தபடி படிவத்தை எழுதுவேன். பன்னிரண்டு எண்ணுதல்: இயலாது. பொதி செய்தல்: இயலாது. எனக்குத் தெரிந்த தாளெல்லாம் பரீட்சைத் தாள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்கு விரலால் விடை காட்டினால் இரண்டு பேரையும் எழுப்பி அனுப்பிவிடுவார்கள். தட்டியதை எழுதினால் நாங்கள் பிடிபடுவோம் என்று பயந்தேன். நீயாகச் செய்தாய் என்று பொய் எழுதவும் மனம் வரவில்லை. அதனால் இயலாது என்று எழுதிவிட்டு உதவியை மறைத்தேன். என் நேர்மையை நினைத்து எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

நீ தோளால் இடித்துக் கேட்பாய். "எனக்கு என்ன எழுதினனி?"

"நல்லா வந்திருக்கு" என்பேன். உனக்கு வாசிக்கத் தெரியாது. நீ அதை நம்பி, வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டாய். உன் அம்மா உனக்கு இரண்டு புதுச் சட்டை தைத்தார்.

கடைசி நாள் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாய். முதலாளி கடையின் முன்பக்கத்திலேயே இருப்பவர், எங்கள் மேசைக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அவர் பார்த்தது படிவத்தை மட்டும்தான். அன்று அங்கே வந்திருந்த மிஸ் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"மூண்டாவது கட்டம் வெறுமையாக் கிடக்கே. ஒரு உதவியும் குடுக்கேல்லையோ?"

நீ பக்கத்தில் நின்று ஒரு விரலால் என் கையில் தட்டினாய்.

"இல்லை மிஸ்" என்றேன்.

"உங்கடை பிள்ளையே வரிக்கு வரி இயலாது எண்டு எழுதியிருக்கு" என்றார் முதலாளி. "நான் என்ன செய்ய மிஸ்?"

பஸ்ஸில் நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "நான் என்ன பிழை விட்டனான்?" நான் புத்தகத்தை எடுத்து விரித்தேன்.

அதற்குப் பிறகு உன் அம்மா புகையிலைத் தோட்டத்துக்குப் போகும் நேரமெல்லாம் நீ வீட்டில் தனியே இருந்தாய். ஒரு நாள் காலை பத்து மணிபோல, பேக்கரியில் பணிஸ் பொதி செய்கிற நேரம், கிணற்றடியில் வலிப்பு வந்து தொட்டிக்குள் குப்புற விழுந்தாய். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். பக்கத்தில் யாராவது ஓர் ஆள் நின்றிருந்தால் போதும்.

செத்தவீட்டில் எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்: "ஏலாத பிள்ளை. தாய்க்கு இனி நிம்மதி." உன் அம்மாவுக்கும் அது கேட்டிருக்கும். அவர் என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நீர்தானே அவளுக்குப் பக்கத்திலை நிண்டனீர். உண்மையைச் சொல்லும். என்ரை பிள்ளைக்கு அந்த வேலை ஏலேல்லையோ?"

"ஏலேல்லை மாமி."

"அப்ப என்ன செய்யிறது" என்று கையை விட்டார்.

இப்போதும் சந்தியில் கண்டால் என்னை மறித்துக் கதைப்பார். நல்லாப் படிக்கிறீரோ என்று கேட்பார். "என்ரை பிள்ளையோட எவ்வளவு பாடுபட்டனீர், கடவுள் உம்மைக் கைவிடமாட்டார்" என்பார். நான் ஓம் மாமி என்பேன். அவளுக்கு ஏலும் மாமி, அவள் ஒரு பையிலும் பிழை விடவில்லை என்று சொல்ல ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. அவர் குடையை விரித்துத் திரும்பி நடக்கும்வரை அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.