எழுந்து நின்றவர்கள்

அக்டோபர் 12, 1946

நாள் முழுக்க மழை. கூரைத் தகரம் அடிக்க முடியவில்லை. சாயங்காலம் ஓட்மார் வந்தான், கையில் புகைபோட்ட பன்றித்தொடை. பதின்மூன்று வருஷமாக என் வாசலை மிதிக்காதவன்.

"அன்னைக்குச் சபையில நானும் எழுந்திருச்சேன்ல, லேனார்ட்?"

அன்றைக்கு என்றால் முப்பத்துமூன்றில், நாங்கள் இருவரும் உறுப்பினர்களாக இருந்த ஊர்ச் சபை ஹிட்லருக்குக் கௌரவக் குடிமகன் பட்டம் கொடுத்த அன்று. எதிர்ப்பவர்கள் எழுந்திருக்கலாம் என்றார்கள். முந்தின நாள் "நானும் உன்னோட நிக்கிறேன்" என்று கையடித்த இவன், குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் மட்டும் எழுந்தேன். அடுத்த வாரம் எனக்கு வதைமுகாம்.

இப்போது பழைய நாஜிக் கட்சிக்காரர்களை விசாரிக்கும் மன்றத்தில் காட்ட இவனுக்கு என் நற்சான்று வேண்டுமாம்.

"நாடாவைக் கட்டி முடிச்சிட்டியா?" என்றேன். சிரிக்கிறான். தூ.

தொடையைத் திருப்பிக் கொடுக்க என் மனைவி வால்புர்கா விடவில்லை. "பன்னி என்ன பாவம் பண்ணுச்சு?" மெல்ல எனக்குப் பல் இல்லை, முகாமில் போனது. பொடியாக நறுக்கி வேகவைத்துத் தந்தாள். தின்றேன். நல்ல ருசி. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அக்டோபர் 20

மருந்துக்கடைக்காரர் வந்தார். பள்ளி ஆசிரியரும். அவர்களும் அன்று எழுந்து நின்றார்களாம். அப்போ உட்கார்ந்திருந்தது யாரு, பேயா?

நவம்பர் 3

மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தேன்: ஓட்மார் உட்கார்ந்திருந்தான். கடைத்தெருவில் மறித்தான். "என் உப்பைத் தின்னுட்டு இப்படிப் பண்ணிட்டியேடா."

உப்பு கொஞ்சம் ஜாஸ்தி என்றேன்.

மே 9, 1948

மன்றம் எல்லாரையும் குற்றமற்றவர்கள் என்று வெளுத்து அனுப்பிவிட்டது. தேர்தலில் என்னோடு ஓட்மாரும் ஜெயித்துச் சபைக்கு வந்துவிட்டான். எனக்குப் பக்கத்து நாற்காலி.

ஜூன் 2

எனக்கே அந்தக் கௌரவக் குடிமகன் பட்டமாம். முன்மொழிந்தது ஓட்மார். பட்டயத்தில் பொறிக்கப்போகும் வாசகம்: "சபையே தம் பின்னால் நிற்க, கொடுமையை எதிர்த்தவர்."

நான் வாங்கிக்கொண்டால் அந்தப் பொய் மெய்யாகிவிடும். இதைத்தான் தொடை கொடுத்து வாங்கப் பார்த்தான்.

"பட்டத்தோட வருஷா வருஷம் விறகு தருவாங்க" என்கிறாள் வால்புர்கா. போன குளிர்காலத்தில் நாற்காலியை உடைத்து எரித்தோம். அவளைக் குறை சொல்ல முடியுமா?

ஜூன் 4

சபை. சம்பிரதாயத்துக்கு, "எதிர்ப்பவர்கள் எழுந்திருக்கலாம்" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள்.

எழுந்தேன். முழங்கால் வலி. சிரிப்பு நின்றுபோனது.

பக்கத்தில் ஓட்மார் சட்டென்று குனிந்தான். இன்று அவன் போட்டிருந்தது நாடா இல்லாத பூட்ஸ்.