மழைத் தொழுகைக்கு முதல்நாள் வெட்டிய எள்

மச்சான்,

இன்று காலை நீலப் படங்கு விரிப்பை எடுத்து முற்றத்தில் விரித்தேன். எள் காயப்போடுவதற்கென்று நீங்கள் கல்முனைச் சந்தையில் வாங்கி வந்தீர்களே, அதே படங்குதான். இரண்டு மூலையிலும் கிழிசல். விரித்ததும் ஒரு வாடை எழும்பியது. நனைந்த எள் நாலு நாள் கட்டிக் கிடந்தால் வரும் புளித்த வாடை. எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் விட்டிருப்பேன், போகவே இல்லை. அதை அப்படியே போட்டுவிட்டு வந்து கதிரையில் இருந்துகொண்டேன்.

நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு உங்களுக்கு நான் ஓதி அனுப்பியதெல்லாம் துஆவும் யாசீனும்தான். கடிதம் இதுதான் முதல் தடவை. கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரே வீட்டில், ஒரே வயலில் நின்றவர்களுக்குள் கடிதத்துக்கு என்ன வேலை? பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி என்னைக் கேலி பண்ணுவீர்கள். அந்தப் பரிசுக்காரிதான் எழுதுகிறேன். எனக்கு அலுத்துவிட்டது மச்சான். உடம்பைச் சொல்லவில்லை, அது அலுத்து எத்தனையோ வருடம். இந்த எள்ளையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்து மனம் அலுத்துவிட்டது.

நாவிதன்வெளிப் பக்கம் வாப்பா எனக்குத் தந்த காணி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். சுற்றிவர எல்லோருக்கும் நெல்வயல். நமக்கு மட்டும் வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேடு. பெரும்போக நெல் வெட்டு முடிந்து நிலத்தில் ஈரம் மிச்சமிருக்கும்போது எள்ளைத் தூவுவோம். அந்த எள்ளோ செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை மாதிரி. விதைத்ததும் ஒரு தூறல் வேண்டும்; பெருமழை கூடாது. ஒருநாள் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி விழுந்துவிடும். பூக்கும்போது மேற்கிலிருந்து கச்சான் காற்று சூடாக அடித்தால் பூவெல்லாம் கீழே. காய்த்த பிறகு மழையே ஆகாது. அடியில் உள்ள காய் முற்றும்போது நுனியில் இன்னும் பூ இருக்கும். அடிக்காய் மஞ்சளாகி வாய் திறப்பதற்குள் வெட்டிவிட வேண்டும். வெட்டிக் கட்டுக்கட்டாகக் கட்டி, ஒன்றோடு ஒன்று சாய்த்து நிமிர்த்திவைத்துக் காயவிட வேண்டும். பிந்தினால் காற்று காயை உடைத்து எள்ளை மண்ணில் கொட்டும். வெட்டிய பிறகு மழை விழுந்தால் எள் காய்க்குள்ளேயே முளைத்துவிடும்.

"இந்த எள்ளோட கிடந்து படுற பாட்டுக்கு உங்கட உம்மாவோட பத்து வருசம் இருந்திரிக்கலாம்" என்று ஒருமுறை சொன்னேன். "நம்மட ஊருல மாப்பிள்ளதானே பொண்ணு வீட்ட வாறது, நீ தப்பிட்டாய்" என்று சிரித்தீர்கள்.

அந்த ஊர் வழக்கம்தான் நம் கழுத்தையும் பிடித்தது. பெண்பிள்ளையைப் பெற்றவர்கள் வீட்டைக் கட்டி முடிக்காமல் நிக்காஹ்வைப் பற்றிக் கதைக்க முடியாது. மகளின் வீடு சுவர் எழும்பி, கூரை இல்லாமல் நின்றது. அந்த முறை எள்தான் கூரை என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் "வீடு எந்தளவுல இரிக்கி?" என்று கேட்கும் கேள்வியில் மரியாதை குறைந்துகொண்டு வந்தது. மாப்பிள்ளையின் உம்மா வேறு இடத்தில் பெண் பார்க்கிறார் என்று ஒரு கதையும் காதில் விழுந்திருந்தது. மகள் பின்னேரங்களில் போய் அந்தச் சுவர்களுக்கு நடுவே நின்றுவிட்டு வருவாள்.

அந்த வருடம் நெல்லுக்குக் கெட்ட காலம். குளத்தில் தண்ணீர் வற்றி, வாய்க்காலின் கடைசி வயல்களுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. பயிர் கதிர் தள்ளுகிற நேரத்தில் நிலம் வெடித்துக் கிடந்தது. மேட்டில் நம் எள் மட்டும் காய்த்துக் குலுங்கியது. ஊரே அழுதுகொண்டிருக்கும்போது மனதுக்குள் சந்தோசப்பட்டேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னீர்கள்.

"ஞாயித்துக்கிழம காலையில திடல்ல மழைத் தொழுகையாம். எள்ளு வெட்டுறத்த ரெண்டு மூணு நாளைக்குத் தள்ளி வெப்பம் புள்ள."

"என்னத்துக்கு?"

"மழை வந்தா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போன வருசமும் கேட்டீங்க, அதுக்கு முந்தின வருசமும் கேட்டீங்க. ஒரு துளி விழுந்திச்சா? கச்சான் அடிக்கிற அடிக்கு மூணு நாள் பொறுத்தா எள்ளு முழுக்க மண்ணுலதான் கிடக்கும்."

"அப்ப நான் என்னத்துக்குத் தொழப் போறன்?"

"நீங்க போங்க மச்சான். போய் மெல்லமாக் கேளுங்க" என்றேன்.

காணி என்னுடையது என்பதால் கடைசிச் சொல்லை எப்போதும் எனக்கு விட்டுவிடுவீர்கள். நானும் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. சனிக்கிழமை ஆறு பெண்களைப் பிடித்து, பொழுது சாய்வதற்குள் ஒரு செடி மிச்சமில்லாமல் வெட்டினேன். நீங்களும் முகம் சுளிக்காமல் கட்டுச் சுமந்தீர்கள்.

ஞாயிறு காலை வயலுக்குக் கட்டும் பழைய சாரனோடு தொழுகைக்குப் புறப்பட்டீர்கள். அந்தத் தொழுகைக்கு நல்ல உடுப்பு உடுத்திப் போகக்கூடாது, கையேந்துகிறவன் கோலத்தில் போகவேண்டும் என்றீர்கள். திரும்பி வரும்போது தோளில் சால்வை உள்பக்கம் வெளியே தெரியக் கிடந்தது. துஆவின்போது எல்லோரும் சால்வையைத் திருப்பிப் போடுவார்களாம், இந்த நிலைமையையும் இறைவன் அப்படித் திருப்பிவிட வேண்டும் என்று. "சால்வையத் திருப்பினா வானமும் திரும்பிருமா?" என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. அன்று முழுக்க உங்களிடம் சிரிப்பே இல்லை. கவனித்தேன், ஏனென்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மேற்கே மலைப்பக்கம் கறுத்தது. நான் வயலில் தனியாக நின்றேன். காற்று சட்டென்று நின்றது. மண் வாடை வந்தது. நீங்கள் எங்கிருந்தோ சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, அதை வரம்பிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தீர்கள். ஒரு படங்கு. வயல் நிறைய எள்ளுக்கட்டு. எதை மூடுவது? ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்துக்கொண்டு நாலு கட்டுகளை மூடினோம். மிச்சமெல்லாம் நம் கண்முன்னே நனைந்தது.

வரம்புக்கு அந்தப் பக்கம், பக்கத்து நெல்வயல்காரர் ஹனீபா காக்கா தலைத்துண்டைக் கழற்றிவிட்டு வானத்தைப் பார்த்து நின்றார். "அல்ஹம்துலில்லாஹ்! அல்ஹம்துலில்லாஹ்!" என்று சத்தம் போட்டுச் சொன்னார். படங்கைப் பிடித்த கையோடு நீங்களும் மெல்ல அதையே சொன்னீர்கள். எனக்குத் தலைக்குள் என்னவோ வெடித்தது.

"சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க! கையத் தூக்கிக் கேட்டு வாங்கின மழதானே! உங்கட துஆவாலதான் என்ட புள்ளையிட கூரை போச்சு!"

ஹனீபா காக்கா திரும்பிப் பார்த்தார். மழை உங்கள் தாடியால் ஒழுகியது. படங்கின் மூலையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

மூன்று நாள் வெயில் முகமே காட்டவில்லை. நாலாம் நாள் ஒரு காயைப் பிளந்து பார்த்தேன்; உள்ளே எள்ளெல்லாம் வெள்ளை வேர் விட்டிருந்தது. கல்முனை யாவாரி ஒரு பிடியை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, எண்ணெய் கைக்கும் என்று திருப்பித் தந்தார். கலியாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. வெட்டச் சொன்னவள் நான் என்பதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. நீங்களும்தான். ஒரு தரம் "நீதானே வெட்டினாய்" என்று கேட்டிருந்தால், நானும் பதிலுக்கு ஏதாவது கத்திவிட்டு அடங்கியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை என்பதால் நான்தான் சரி என்று நினைத்துக்கொண்டேன். உங்களோடு சோறு, தண்ணி, கதவுத் திறப்பு, விளக்கு என்று தேவைக்கு மட்டும் கதைத்தேன்.

மாரி மழை தொடங்கி இரண்டாம் கிழமை, வயலுக்குப் போக சைக்கிளை எடுத்தவர் வாசல் படலையடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. அடுத்த வருட எள் கூரை போட்டது. மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். அந்தப் பையன் நல்லவன்தான். நீங்கள்தான் பார்க்கவில்லை.

நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருந்து முடிந்து நான் வயலுக்குப் போன முதல் நாள் ஹனீபா காக்கா வரம்பால் வந்தார். கதையை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மண்வெட்டியைக் குத்திக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, அண்டைக்குத் தொழுகையில இவர் எனக்குப் பக்கத்துலதான் நிண்டார். நாங்கெல்லாம் மழை மழை எண்டு அழுறம். இவர் கைய ஏந்திட்டுச் சும்மா நிண்டார். தொழுக முடிஞ்ச பொறகு என்னெண்டு கேட்டன். 'என்ட மனுசி நேத்து எள்ளு வெட்டிட்டாள் காக்கா. மழை வேணாம் எண்டு கேட்டா உங்கட வயல் போகும். வேணும் எண்டு கேக்க எனக்கு வாய் வருகுதில்ல. ஆமீன் மட்டும் சொன்னன்' எண்டார்."

அவரே தொடர்ந்தார்.

"மழை பெஞ்ச பொறகு, இதை வீட்ட சொல்லுங்களன் எண்டு நான் சொன்னனான். 'அவளுக்கு ஆரையாவது ஏசத்தானே வேணும், மழைய ஏச ஏலுமா? என்னைய ஏசட்டும்' எண்டார்."

அன்று வயலில் ஒரு வேலையும் ஓடவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ எள் வெட்டிவிட்டேன் மச்சான். இப்போது பருவம் பருவமாக இல்லை. மழை பெய்யவேண்டிய மாதம் காய்கிறது; காயவேண்டிய மாதம் வெள்ளம் வருகிறது. மருமகன் எந்நேரமும் போனில் மழை பார்க்கிறார். எங்கோ பெரிய பெரிய நாடுகளில் சூரியகாந்தி காய்ந்து போனதாம், சோயா வெள்ளத்தில் போனதாம், எண்ணெய் விலை ஏறப்போகிறதாம் என்று வாசித்துக் காட்டினார். அங்கேயும் யாரோ ஒருத்தி வயலில் நின்று புருசனை ஏசிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

இந்த முறையும் நெல்லுக்குத் தண்ணீர் இல்லை. இந்த முறையும் எள் முற்றி நிற்கும்போது பள்ளியில் மழைத் தொழுகை அறிவித்தார்கள். மகள் இந்த எள்ளை நம்பி வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்டத் தொடங்கியிருக்கிறாள். "நாளைக்கே வெட்டுவம் உம்மா" என்றாள். நான் சம்மதிக்கவில்லை. "தொழுக முடியட்டும், மழை வந்தாலும் வரும்" என்றேன். உங்கள் சொல்லைத்தான் சொன்னேன், காலம் கடந்து. மருமகனின் போனிலும் அந்தக் கிழமை மழை என்றுதான் காட்டியது.

மழை வரவில்லை. கச்சான்தான் வந்தது. மூன்று நாள் விடாமல் அடித்தது. நேற்று வயலுக்குப் போனோம். காயெல்லாம் வாய் திறந்து வெறுமையாக நின்றன. செடிக்குக் கீழே எள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. எறும்புகள் வரிசை கட்டிச் சுமந்துகொண்டிருந்தன. பாதியாவது மிஞ்சுமோ தெரியாது.

மகள் ஒரு செடியைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"நான் வெட்டுவம் எண்டு சொன்னனா இல்லியா? மழை வரும் வரும் எண்டு வெச்சிருந்தீங்களே, இப்ப எங்க மழை? எல்லாம் உங்களாலதான் உம்மா! எல்லாம் உங்களாலதான்!"

மருமகன் கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வாயில் பதில் இருந்தது. போனைச் சொல்லலாம். காற்றைச் சொல்லலாம். நான் ஏன் காத்திருந்தேன் என்று உங்கள் கதையைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அவள் அடங்கியிருப்பாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"என்ட பிழதான் மகள்" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்சநேரம் ஏசினாள். பிறகு குரல் தேய்ந்து நின்றுபோனது. வரம்பில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். கொஞ்ச நேரத்தில் எழும்பி, கொண்டுவந்த போத்தலில் இருந்து தேத்தண்ணி ஊற்றி, என் கையில் தந்தாள். முகத்தைப் பார்க்காமல்தான் தந்தாள். ஆனாலும் தந்தாள்.

அந்த மழை நாளுக்குப் பிறகு நீங்கள் என்னோடு மூன்று மாதம் இருந்தீர்கள் மச்சான். நான் உங்களுக்கு அப்படி ஒரு தேத்தண்ணி தரவில்லை.