துவைத்த இலைகள்

அக்டோபர் 2

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நலமா என்று உன்னைக் கேட்க மாட்டேன். கேட்டால் தூக்கமே இல்லை என்று பழைய பாட்டைப் பாடுவாய். உன் மகள் உருண்டை எப்படி இருக்கிறாள்? கழுத்து தெரிய ஆரம்பித்துவிட்டதா, இல்லை இன்னும் தாடைக்குக் கீழே நேராக வயிறுதானா?

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள் சண்டைக்குப் போய்விடுகிறோம். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மூன்றாவது வாரம் இலையுதிர்கால விடுமுறை. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, சமையலறையைப் பூட்டிவிட்டு வந்தால் எனக்கு ஒரு வாரம் ஓய்வு. நீயும் மாப்பிள்ளையும் உருண்டையும் வருகிறீர்கள். இது கேள்வி இல்லை. நம் வீட்டுக் குழந்தை எதுவானாலும், அதன் முதல் இலையுதிர்காலத்தில் பின்முற்றத்து மரத்தடியில் இலைக் குவியலுக்குள் உட்கார வைத்துப் படம் எடுப்பது தவறியதே இல்லை. மாடிப்படிச் சுவரில் நான், அண்ணன், நீ, அண்ணன் பையன்கள் எல்லோரும் வாயைப் பிளந்து அழுதபடி வரிசையாகத் தொங்குகிறோம். உன் மகளுக்கும் ஆணி அடித்தாகிவிட்டது. உன் மாமா கூடவே கட்டைவிரலையும் அடித்துக்கொண்டார்.

என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அக்கா

அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வர முடியாது. கோபப்படாமல் மீதியையும் படி.

உருண்டைக்குச் சளி இப்போதுதான் இறங்கியிருக்கிறது. ராத்திரி ரயிலில் தூக்கிக்கொண்டு வந்து, நாய் கால் தூக்கின இலையில் அவளை உட்கார வைக்கச் சொல்கிறாய். ஆய்வகத்தில் நாள் முழுக்கக் கிருமிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் நான். ஈர இலையின் அடியில் என்னென்ன குடித்தனம் நடத்துகின்றன என்று சொன்னால் நீ அந்த முற்றத்தில் காலே வைக்க மாட்டாய்.

சுவரில் இருக்கிற என் படத்தை என்றைக்காவது நிதானமாகப் பார்த்திருக்கிறாயா? வாயில் ஒரு முழு இலை. கண் பிதுங்கி நிற்கிறது. "முதல்ல படம் எடுத்தேன், அப்புறம்தான் இலையை எடுத்தேன்" என்று அப்பா இருந்தவரை வருஷா வருஷம் சொல்வார். நீங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை அக்கா. பெற்ற அப்பா செய்கிற காரியமா அது?

எங்களுக்கென்று ஒரு வழக்கம் வேண்டும். இந்த மாதம் எனக்குக் கிடைக்கிற விடுப்பின் முதல் நாள் காலையில் கூடத்தில் மெத்தையை விரித்து, மூன்று பேரும் அதிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, அவளுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, அவள் சிரிக்கிற மாதிரி ஒரு படம். நம் குடும்பத்தில் ஒரு குழந்தையாவது சிரிக்கட்டுமே.

அன்புடன்,
தங்கை

அக்டோபர் 10

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கை ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் முகத்தைச் சுளித்ததெல்லாம் உன் கணக்கில்தான் சேரும்.

மெத்தையும் வெள்ளைச் சட்டையும் தாராளமாக வைத்துக்கொள். அதற்கு நாங்கள் எதற்கு?

உடைத்தே சொல்கிறேன். எனக்குப் பிள்ளை இல்லை என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். அண்ணன் பையன்களுக்கு நான் அத்தை. பெரியம்மா என்று கூப்பிட எனக்கு இருப்பது உருண்டை ஒருத்திதான். அவள் பிறந்ததிலிருந்து இரண்டே தடவை தூக்கியிருக்கிறேன். இரண்டு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரச் சொன்னாய். கழுவிவிட்டு வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். ஒரு நாள் முழுக்க அவளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. இலையை விட்டால் உன்னை வரவழைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அக்கா

அக்டோபர் 14

அக்காவுக்கு,

இப்படி எழுதினால் நான் என்ன செய்வது? வந்தாலும் எரிச்சல், வராவிட்டாலும் எரிச்சல். இவரிடம் கேட்டேன். "உன் அக்கா, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சரி, வருகிறோம். விடுமுறையில் வருகிற சனிக்கிழமை, ஒரே நாள். ஆனால் அந்த இலை சுத்தமாக இருக்க வேண்டும். துவைத்து, காய வைத்து, இஸ்திரி போட்டு வை. அப்புறம் பார்க்கலாம்.

தங்கை

அக்டோபர் 20

தங்கைக்கு,

துவைத்தேன்.

மரத்திலிருந்து விழுந்த நல்ல இலைகளாகப் பொறுக்கி, தலையணை உறைகளில் அடைத்து, வாயைத் தைத்து, வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு வாஷிங் மெஷினில் சுற்றவிட்டேன். உறைகள் கிழிந்தன. இலை கூழாகிக் குழாயை அடைத்துக்கொண்டது. உன் மாமா காலுறையோடு கூடத்துக்கு வந்து, பழுப்புத் தண்ணீரில் நின்றார். மெஷின் பழுது பார்க்க வந்தவன் உள்ளே கையை விட்டு வழித்து எடுத்து, "என்னம்மா துவைச்சீங்க?" என்றான். "இலை" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உன் மாமாவிடம், "சார், அவங்களுக்கு உடம்பு ஏதாச்சும்..." என்று இழுத்தான். அன்றிலிருந்து உன் மாமா என்னோடு பேசுவதில்லை.

நேற்றைய காற்றும் மழையும் மிச்சத்தையும் கொண்டுபோய்விட்டன. மரம் மொட்டையாக நிற்கிறது.

நீ கேலிக்கு எழுதினாய் என்பது தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. நீ வர வேண்டும் என்கிற ஆசையில் நீ சொன்னதையெல்லாம் செய்யக் கிளம்பிவிட்டேன். போதும் அம்மா. வராதே. இந்தச் சனிக்கிழமை மட்டுமல்ல, எந்தச் சனிக்கிழமையும் வேண்டாம். இனிமேல் கூப்பிடவும் மாட்டேன். ஆணியைப் பிடுங்கிவிட்டேன்.

அக்கா

அக்டோபர் 22

என் அருமை அக்காவுக்கு,

இன்றைக்குத்தான் எங்கள் வழக்கத்தின் முதல் காலை. கூடத்தில் மெத்தையை விரித்தேன். இரவு வேலை முடித்து வந்த இவர் அதில் ஓரமாகச் சாய்ந்தவர் வாயைத் திறந்து தூங்கிவிட்டார். பால் கொட்டியது. வெள்ளைச் சட்டை போட்டதும் உருண்டை ஆரம்பித்த அலறல், கிலுகிலுப்பை ஆட்டியும் நிற்கவில்லை. சிரிக்கச் சொல்லிக் கெஞ்சினேன், அதட்டினேன், கடைசியில் நானும் அவளோடு சேர்ந்து அழுதேன். அந்த நேரம் பார்த்துத்தான் உன் கடிதம் வந்தது.

நின்றபடியே படித்தேன். உன்மேல் கோபம் வந்தது. உன்னைவிட என்மேல் அதிகமாக வந்தது. கடிதத்தை மெத்தையில் போட்டுவிட்டு, பாலைத் துடைக்கத் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் சத்தமே இல்லை.

உன் கடிதத்தைக் கிழித்துச் சுற்றிலும் இறைத்து, அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். வாயில் ஒரு முழுத் துண்டு. கண் பிதுங்கி நிற்கிறது.

அக்கா, நான் முதலில் படம் எடுத்தேன். அப்புறம்தான் காகிதத்தை எடுத்தேன்.

எடுத்ததும் வாயைப் பிளந்து அழுதாள். அதையும் ஒரு படம் எடுத்தேன். அப்பா நினைவு வந்து நான் சிரித்த சிரிப்பில் இவர் எழுந்து உட்கார்ந்து, "யாரு வந்தா?" என்றார். இரண்டாவது படத்தை இதோடு வைத்திருக்கிறேன். முதல் படத்தை நேரில் காட்டுகிறேன்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் பாதியை உன் மகள் தின்றுவிட்டாள். அதில் என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குகிறோம். எனக்குத் திங்கட்கிழமைவரை விடுப்பு. வந்ததும் அவளை உன் மடியில் போட்டுவிட்டு நான் தூங்கப் போகிறேன். கையெல்லாம் கழுவ வேண்டாம்.

மாமாவிடம் அந்த ஆணியைத் திரும்ப அடிக்கச் சொல். விரலை எடுத்துவிட்டு அடிக்கச் சொல்.

உன்
தங்கை