கொடி பார்க்கும் பக்கம்

தியாகதுருகம்,
ஐப்பசி 14, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு எழில்மதி எழுதுவது. நானும் பாப்பாவும் அத்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. பதினொரு நாளாக உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. கப்பலில் டீசல் தீர்ந்து விளக்குகூட எரியவில்லை என்று சொன்னீர்கள். சார்ஜ் போட வழியிருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

மற்றதை எல்லாம் அப்புறம் படியுங்கள். கேப்டன் கொடுத்த காகிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடாதீர்கள். போடச் சொன்னவளும் நான்தான், இப்போது வேண்டாம் என்பவளும் நான்தான். காரணத்தை எழுதுகிறேன்.

நான் வேலை செய்கிற கள்ளக்குறிச்சி மரச்சிற்பப் பட்டறைக்குப் போன மாதம் ஒரு பாய்மரக் கப்பல் பொம்மை ஆர்டர் வந்தது. பாவாடை ஆசாரிக்குப் பிள்ளையாரும் கருடனும்தான் பழக்கம். கொடுத்த படத்தைப் பார்த்து வாகை மரத்தில் கப்பலைச் செதுக்கிவிட்டார். கயிறு கட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. கல்வராயன் மலையிலிருந்து வருகிற தேன்மெழுகில் நூலை இழுத்து இழுத்து விரலெல்லாம் பிசுபிசுப்பு. பாய்மரத்துக்கு இரண்டு பக்கமும் ஏணிப்படி மாதிரி குறுக்குக் கயிறு வருகிறதே, அதற்கு என்ன முடிச்சு என்று முழித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் நாம் பூ கட்டுகிற முடிச்சுதான். முந்நூற்றுச் சொச்சம் முடிச்சு போட்டேன். கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

பாய்த்துணியை வடிகஞ்சியில் முக்கி, சொம்பின் மேல் போட்டுக் காயவைத்தோம். காற்று நிறைந்த மாதிரி அழகாக வயிறு வந்தது. கொடியையும் கஞ்சி போட்டு விறைப்பாக்கி, உச்சியில் பின்பக்கம் பறக்கிற மாதிரி கட்டினேன். கட்சிக்காரர் கார்ல இன்னா மாதிரி பறக்குது, அதேதாம்மா என்று ஆசாரி சொன்னார். பட்டறையில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

நேற்று ஆர்டர் கொடுத்த பொன்னுரங்கம் ஐயா வந்தார். கடலூர்க்காரர், முப்பது வருடம் கப்பலில் இருந்தவர். கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், முடிச்சுகளை மெச்சினார். கொடியைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பாய்க்கு ஒரு காத்து, கொடிக்கு ஒரு காத்தாம்மா என்று கேட்டார். பின்னாலிருந்து அடிக்கிற காற்றுதான் பாயைத் தள்ளுகிறது, அதே காற்றில் கொடியும் முன்பக்கம்தானே பறக்கும் என்றார். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சும்மா இருக்க மாட்டாமல், என் வூட்டுக்காரரும் கப்பல்லதாங்க இருக்காரு என்றேன். முதலாளி கைவிட்டதால் கப்பல் ஒன்பது மாதமாகத் துறைமுகத்தில் நிற்பதையும், ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நீங்கள் சொன்னதையும், போட்டுத் தொலைங்க என்று நான் சொன்னதையும் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அது கப்பலைப் பொறுப்பேற்கிற கையெழுத்தும்மா என்றார். மற்றவர்களை இறக்கி அனுப்புவார்களாம். கோர்ட்டு அந்தக் கப்பலை விற்று முடிக்கும் வரை கையெழுத்துப் போட்டவர் மட்டும் இறங்கவே முடியாதாம். அப்படி ஒருத்தர் நான்கு வருடம் தனியாகக் கிடந்ததை அவரே பார்த்திருக்கிறாராம்.

மாமா, இது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் என்னிடம் மறைத்தீர்கள். மற்ற பதினாலு பேரும் ஊருக்குப் போகட்டும் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் குணம் எனக்குத் தெரியாதா? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அழக்கூடத் தெம்பில்லை. பாப்பா இப்போதெல்லாம் அப்பா எப்போது வரும் என்று கேட்பதை விட்டுவிட்டாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தபோதே தேவலை.

நீங்கள் போடாவிட்டால் இன்னொருத்தர் போடவேண்டி வரும், அவருக்கும் ஒரு பெண்சாதி இருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். அவளை நினைத்தால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். நல்லவர் பெண்சாதியாக இருந்து எனக்கு அலுத்துவிட்டது. இந்த ஒரு தடவை நல்லவராக இருக்காதீர்கள்.

அந்தத் துறைமுகத்தில் மாலுமிகள் சங்கத்து ஆள் ஒருவர் பொன்னுரங்கம் ஐயாவுக்குப் பழக்கமாம். இதைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் காகிதத்தில் பிரிண்ட் எடுத்துக் கப்பலுக்கே கொண்டுவந்து கொடுப்பாராம். அதனால்தான் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். அவரிடமே பதில் சொல்லி அனுப்புங்கள்.

காலையில் கொடியைப் பிரித்து முன்பக்கம் பார்க்கக் கட்டிவிட்டேன். ஐந்து நிமிஷ வேலைதான்.

ஒருவேளை கையெழுத்தை முன்பே போட்டுவிட்டீர்களா? அப்படியானால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டமாட்டேன். நான் சொல்லித்தானே போட்டீர்கள்? அந்தக் கப்பலில் தனியாக இருக்கிறோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பாதிக் கையெழுத்து என்னுடையது.

தலைக்கு எண்ணெய் கிடைத்தால் வையுங்கள். மழைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். குலசாமி உங்களைக் கரையில் இறக்கிவிடட்டும்.

உங்கள்
எழில்மதி