மேட்டில் வரும் போன்

அன்பு மகளுக்கு,

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மேடு ஏறினால் நெஞ்சில் கல்லை ஏற்றியது போல அழுத்துகிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது. கூடைக் கயிறு இழுக்கிறது என்றே நினைத்தேன்.

"கயிறு இல்லம்மா, இதயத்துக்கு ரத்தம் பத்தல. வலிச்சா ஒடனே உக்காந்து, இந்தக் குளிசைய நாக்குக்கு அடியில வைங்க" என்றார் தலவாக்கலை டாக்டர்.

சும்மா உட்கார்ந்தால் கங்காணி சத்தம் போடுவார், வெளியூர்ப் பிள்ளையின் போன் என்றால் விட்டுவிடுவார். அதனால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறேன். "குடுத்து வச்சவங்கக்கா நீங்க, மக தெனமும் பேசுது" என்கிறாள் பக்கத்து நிரை சர்மிளா. அப்பாவோடு சண்டை போட்டுப் போன நீ என்னோடும் பேசுவதில்லை என்று நான் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும், அடுத்த வாரம் மேட்டில் வலிக்கும்போது நிஜமாகவே உன்னைக் கூப்பிடுவேன். எடுத்தும் என் சத்தம் கேட்கவில்லை என்றால் வைத்துவிடாதே. வாயில் குளிசை இருக்கும்.

உன் அம்மா